மணலைக் கொட்டினால் உளு சாகுமா?

போன மாசி மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பிவைத்தார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் தென்னை வைத்துப் பிழைக்கும் ஒரு அம்மா எழுதியிருந்தார். மகளுக்குச் சீராகக் கொடுத்த கட்டிலிலிருந்து வெள்ளை மாவு கொட்டுகிறதாம். கடையில் கேட்டு இரண்டு தடவை மருந்து அடித்தும் நிற்கவில்லை. கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்:

"கதிர்வீச்சு கொடுத்தால் மரத்துக்கு உள்ளே இருக்கும் பூச்சியும் செத்துப்போகும் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மணலைக் கட்டிலுக்கு அடியில் பரப்பினால் போதுமா, இல்லை கட்டிலையே மணலில் புதைக்க வேண்டுமா?"

அலுவலகத்தில் இதை வாசித்துக் காட்டியபோது உடன் வேலை பார்க்கும் தம்பி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "சம்பந்தி வீட்டில் கட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்." அந்த வரி இல்லையென்றால் நானும் நாலு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். அதோடு, அந்த வெள்ளை மாவோடு எனக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆன சமயம். குலசேகரம் பக்கம் எனக்குப் பணி. ஒரு விவசாயி, வயதான ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்ய ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார். ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்த பிறகு வெட்டுமரம்தானே. அதே வருடம் அவர் வீடும் கட்டிக்கொண்டிருந்தார். "சாரே, சொந்த மரம் கெடக்கு. கதவுக்கும் ஜன்னலுக்கும் இதையே அறுத்துப் போட்டா என்னவாக்கும்?" என்று கேட்டார். நான் பூச்சியியல் படித்தவன். மரவேலை படித்தவன் இல்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்ல அந்த வயதில் வாய் வரவில்லை. "தாராளமா போடலாம். அறுத்த பலகையில பூச்சிமருந்த ரெண்டு கை பூசி, மேல பெயின்ட் அடிச்சா ஒண்ணும் வராது" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து என்னைத் தேடி வந்தார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவு நிலையைக் கட்டைவிரலால் அமுக்கினார், உள்ளே போய்விட்டது. பெயின்ட் மட்டும் தோல் மாதிரி நின்றது, உள்ளே முழுக்க மாவு. ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பச்சரிசி மாவு தோத்துப்போவும், இல்லியா சாரே?" என்று மட்டும் கேட்டார். காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார். அந்தக் காப்பியைக் குடித்தது இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. ஒன்பது நிலை, பதினாறு ஜன்னல். எல்லாவற்றையும் பெயர்த்து மாற்றினார். அந்தச் செலவில் ஒரு பைசாகூட நான் ஏற்கவில்லை; ஏற்கும் நிலையிலும் அன்றைக்கு நான் இல்லை.

அதற்குப் பிறகுதான் உளுவைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

மரத்தைத் தின்னும் பூச்சி என்றாலே நம் ஆட்களுக்குக் கறையான் என்கிற சிதல்தான் நினைவுக்கு வரும். சிதல் மண்ணிலிருந்து ஏறி வரும். மண்கூடு கட்டும், ஈரம் தேடும், மரத்தின் நாரையே தின்று செரிக்கும். உளு அப்படி இல்லை. இது ஒரு சிறு வண்டு. பறந்து வரும், காய்ந்த மரத்தில்தான் குடியேறும். மரநாரைச் செரிக்கிற சக்தி அதன் புழுவுக்குக் கிடையாது. அதற்கு வேண்டியது மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அதை எடுத்துக்கொண்டு நாரை மாவாக அரைத்து வெளியே தள்ளிவிடும். தாய் வண்டு முட்டையிடும் முன்பு மரத்தைக் கடித்துப் பார்க்கும். மாவுச்சத்து போதாது என்றால் போய்விடும். நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் புளியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கிற மாதிரிதான். சத்து இருந்தால் மரத்தின் நுண்துளைக்குள் முட்டையை இறக்கும். புழு மாதக்கணக்கில் உள்ளேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை போட்டு வெளியே வரும். நாம் ஓட்டையைப் பார்க்கிற நேரத்தில் ஒரு தலைமுறை வளர்ந்து பறந்தாயிற்று. மேலே அடிக்கிற மருந்து உள்ளே அரை அங்குல ஆழத்தில் இருக்கும் புழுவை எட்டாது. நான் அன்றைக்குச் சொன்ன யோசனை தோற்றது இதனால்தான்.

எந்த மரத்தில் மாவுச்சத்து இருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு. வெட்டுவாயில் விட்டால், மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாக மாறும். இல்லாத இடத்தில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். பலா, அயினி, தேக்கு ஆகியவற்றின் வைரப்பகுதியில் விட்டுப் பாருங்கள், பழுப்புதான். அதே துண்டின் ஓரத்து வெள்ளையில் விட்டால் கறுக்கும். நம் ஆசாரிமார் வெள்ளையைச் செதுக்கித் தள்ளுவது இதற்காகத்தான். பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது. போனால் தட்டிப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் காவலர் திட்டுவார். அது அத்தனை காலம் நிற்பது வைரத்தின் பலத்தில்.

ரப்பர் மரத்தின் சங்கடம், அதில் வைரம் என்று தனியாகப் பிரிந்து நிற்பது கிடையாது. தோலிலிருந்து நடுத்தண்டு வரை வெள்ளை. அயோடினை எங்கே விட்டாலும் கறுக்கும். உளுவுக்கு அது கல்யாணப் பந்தி.

எங்கள் வீட்டு அறைப்புரையில் தாத்தா காலத்துப் பத்தாயம் ஒன்று இருக்கிறது. அயினிப் பலகை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்துக் கொட்டிய எத்தனையோ வருடம் அதில் உளு தொட்டதில்லை. நான் தலையெடுத்த பிறகு அடிப்பலகை ஒன்றை மாற்றினேன், மலிவாகக் கிடைத்த மாம்பலகையில். அது மட்டும் உளுத்தது. அம்மை அதைப் பற்றி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

சரி, மணலுக்கு வருவோம்.

அந்த அம்மாவின் கேள்வியில் பாதி சரி. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்கிற கனிமம் இருக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. அதிலிருந்து கதிர்வீச்சு வருகிறது. இது உலகத்துக்குத் தெரியவந்ததே ஒரு விவசாயப் பொருளால்தான். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட்டைக் கண்டுபிடித்தார். தென்னை நார் காட்டிக்கொடுத்த கனிமம். அடுத்த சில வருடங்களில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. அந்தத் தோரியம் அன்றைக்குப் போனது விளக்கு மேன்டில் செய்ய. சூடடிக்கிற களத்தில் பெட்ரோமாக்ஸ் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை மேன்டில் நினைவிருக்கும்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. உப்பு உணவுக்கு வேண்டும். கருவாடு போட எத்தனை உப்பு வேண்டும்? அதுபோலத்தான். பொருளில் இறங்கும் கதிர்வீச்சை 'கிரே' என்ற அளவில் சொல்வார்கள். உளுவின் முட்டை, புழு, வண்டு எல்லாவற்றையும் ஒழித்துக்கட்ட ஏறக்குறைய 500 கிரே வேண்டும். நம் கடற்கரையில் ஒரு வருடத்துக்கு 10 மில்லி கிரே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் மில்லி சேர்ந்தால் ஒரு கிரே. ஆக, ஒரு கிரே சேர 100 வருடம். 500 கிரே சேர 50,000 வருடம். மணலின் கதிர்வீச்சு இதைப்போல ஐந்து மடங்கு என்று வைத்தாலும் 10,000 வருடம் கட்டிலைப் புதைத்து வைக்க வேண்டும். அதுவரை உளு காத்திருக்குமா? கடற்கரையோரத்து வீடுகளிலும் உளு இருக்கத்தானே செய்கிறது! தவிர, மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள். மணலை அள்ளி வீட்டில் கொட்டுகிற யோசனையே வேண்டாம். அந்த மணலால் மனிதருக்கு என்ன என்பது வேறு பெரிய விவாதம், அதை இங்கே இழுக்கவில்லை.

அப்படியானால் 500 கிரே எங்கே கிடைக்கும்? கோபால்ட்-60 என்ற பொருளை வைத்துக் கதிர்வீச்சு நிலையங்கள் நம் நாட்டில் ஓடுகின்றன. மகாராஷ்டிராவில் நாசிக் பக்கத்து லாசல்காவ் வெங்காயச் சந்தையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த நிலையம் ஒன்று இருக்கிறது. வெங்காயம் முளைவிடாமல் இருக்க அங்கே கதிர்வீச்சு கொடுக்கலாம். 2007ல் அமெரிக்காவுக்கு நம் மாம்பழம் மறுபடி போகத் தொடங்கியதும் அந்த வழியாகத்தான். மாங்கொட்டை வண்டை நினைத்துப் பாருங்கள். பழத்தின் மேலே ஒரு கீறல் இருக்காது; வெட்டினால் கொட்டைக்குள் வண்டு உட்கார்ந்திருக்கும். எந்த மருந்து அங்கே போகும்? குறைந்தது 400 கிரே கொடுத்த மாம்பழத்தைத்தான் அமெரிக்கா ஏற்றுக்கொள்கிறது. பழத்துக்குள் கொட்டை, கொட்டைக்குள் வண்டு. மரத்துக்குள் புழு இருப்பதும் இதே கதைதான். சதை, ஓடு, பலகை, வார்னிஷ் எதுவும் காமா கதிருக்குத் தடை இல்லை. ஊடுருவிப் போய்விடும்.

இது பூச்சியைச் சுட்டுக் கொல்வதில்லை. 500 கிரே கொடுத்தால் கட்டையின் சூடு அரை டிகிரிகூட ஏறாது. செல் பிரிந்து வளரும் இடத்தில் போய் அதன் வித்தைக் குலைத்துவிடும். முட்டை பொரிக்காது, புழு அடுத்த சட்டை உரிக்காது. வளர்ந்த வண்டு உடனே சாகாமல் சில நாள் நடந்துகொண்டிருக்கலாம். ஆனால் அதற்கு வாரிசு இருக்காது. மனிதனுக்கு நாலைந்து கிரே உடம்பு முழுக்கப் பட்டாலே உயிருக்கு ஆபத்து. பூச்சிக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். அதனால்தான் அந்த நிலையங்களின் சுவர் கோட்டை மாதிரி கான்கிரீட்டில் இருக்கிறது. ஆள் உள்ளே இருக்க மாட்டார், பெட்டிகள் மட்டும் போய்த் திரும்பும். வந்த பெட்டியில் கதிர்வீச்சு தங்கியிருக்காது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவரிடம் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கப் பயப்படுகிறோமா?

மரத்துக்கு இதைச் செய்பவர்களும் உண்டு. பிரான்சில் கிரனோபிள் என்ற ஊரில் 1970ல் ஒரு பழைய மரத்தளத்தைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை, பிறகு பழம்பொருள்களுக்கென்றே ஒரு கதிர்வீச்சுக்கூடமாக வளர்ந்தது. மரச்சிற்பம், பழைய மேசை நாற்காலி எல்லாம் அங்கே போகிறது. 1977ல் எகிப்து மன்னன் இரண்டாம் ராம்செஸின் பதப்படுத்திய உடலையே பிரான்சில் காமா கதிரில் வைத்து எடுத்தார்கள். அது பூச்சிக்காக அல்ல, காளானுக்காக. காளானை ஒழிக்கப் பூச்சிக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு வேண்டும். குரோஷியாவில் தேவாலயங்களின் உளுத்த மரச்சிலைகளை இப்படித்தான் மீட்டார்கள். மரத்தின் பலம் இந்த அளவுகளில் குறைவதில்லை.

ஆக, வேலை செய்யுமா என்று கேட்டால், செய்யும். நன்றாகவே செய்யும். ஆனால் அந்த அம்மாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

ஒன்று, அந்த நிலையங்கள் மசாலாவுக்கும் ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கும் அளவெடுத்துக் கட்டியவை. அட்டைப்பெட்டி போகும் பாதையில் இரட்டைக் கட்டில் எப்படிப் போகும்? மணவாளக்குறிச்சியிலிருந்து கட்டிலை லாரியில் ஏற்றி மாநிலம் தாண்டி அனுப்பும் கூலிக்குப் புதுக் கட்டிலே செய்துவிடலாம். சுவரில் பதித்த கதவு நிலையை எடுத்துக்கொண்டு போவது அதைவிடக் கஷ்டம். ஏற்றுமதிச் சாமான் வைக்கும் மரப்பெட்டிகளுக்கு உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதிமுறைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில்கூடச் சூடும் புகைமூட்டமும்தான் இருக்கின்றன, காமா கதிர் இல்லை.

இன்னொன்று இதைவிடப் பெரியது. கதிர்வீச்சு, திடீரென்று வந்து திருடனைப் பிடித்துக்கொண்டு போகும் போலீஸ். அதோடு போய்விடும், வாசலில் காவல் நிற்காது. மரத்தில் மருந்து எதுவும் தங்காது. உணவுக்கு அது நல்லது, கட்டிலுக்கு அது குறை. மாவுச்சத்து மரத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்த அறை ஜன்னலிலிருந்து இன்னொரு வண்டு பறந்து வந்து கடித்துப் பார்த்தால், ருசி அதே ருசி. இருக்கிற புழுவைக் கொல்வது பாதி வேலைதான். குலசேகரத்தில் நான் இரண்டு பாதியையும் கோட்டைவிட்டேன்.

கடிதத்தில் முகவரி இருந்தது. நாகர்கோவிலிலிருந்து எத்தனை தூரம்? ஒரு சனிக்கிழமை போனேன். பதில் எழுதுவதைவிட அது எனக்கு எளிதாக இருந்தது.

கட்டில் பின்கட்டில் சாய்த்து வைத்திருந்தது, சாக்கு போட்டு மூடி. "அக்கம்பக்கம் பாத்தா கேப்பாங்கல்லா சார், அதான்" என்றார் அந்த அம்மா. மகள் அங்கே தரையில் பாய் விரித்துப் படுக்கிறாளாம். மாமியார் கெட்டவர் இல்லையாம். ஆனால் பூச்சி வீடு முழுக்கப் பரவிவிடும் என்று யாரோ சொன்னதில் பயந்துவிட்டாராம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

அயோடினை விட்டேன். கால், சட்டம், தலைப்பலகை எல்லாம் கறுத்தது. ரப்பர் மரம், மருந்தில் ஊறாதது. தேக்கு நிறத்தில் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். "ஏமாத்திட்டானுவளா சார்?" என்று கேட்டார். நான் குலசேகரத்துக் கதையைச் சொன்னேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்காமலே ஒருவரை நஷ்டப்படுத்த முடியும் என்பதற்கு நானே சாட்சி.

அதன்பின் செய்தது இதுதான். அவர் மகன் கட்டிலைப் பிரித்து வார்னிஷ் முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தான். வார்னிஷ் மேல் எதைப் பூசினாலும் உள்ளே இறங்காது. பிறகு வெயில். மொட்டை மாடியில் தகரம் விரித்து, பலகைகளை அடுக்கி, கறுப்பு பாலித்தீன் போர்த்தி ஓரத்தில் செங்கல் வைத்தோம். மரப்பெட்டிகளுக்கு உலக விதிமுறை கேட்பது, கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருக்க வேண்டும் என்பது. அதே பருமனுள்ள கழிவுத் துண்டில் நடுவரை துளை போட்டு வெப்பமானியைச் செருகி வைத்தோம். பங்குனி வெயில் ஏமாற்றவில்லை. மூன்றாம் நாள் தலைப்பலகையின் துண்டு 58 காட்டி ஒரு மணிக்கு மேல் நின்றது. கால்கள் மூன்றரை அங்குலக் கனம். அவை 51ஐத் தாண்டவே இல்லை. நாலு நாள் பார்த்துவிட்டு, காலை விட்டுவிடச் சொன்னேன். ஆசாரி பழைய அயினிச் சட்டத்தில் வெள்ளை படாமல் நாலு கால் கடைந்து கொடுத்தார். பழைய கால்கள் நெல் புழுக்கும் அடுப்புக்குப் போயின. உளுத்த கட்டையை விறகுப்புரையில் போட்டு வைக்காதீர்கள், அங்கிருந்துதான் அது மறுபடி வீட்டுக்குள் வரும்.

அடுத்தது காவல். வெண்காரம் என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கிறார்களே, அந்தப் போராக்ஸ். தென்னையில் ஓலை விரியாமல் மடங்கினால் வைக்கச் சொல்வோமே, அதே பொருள். அதோடு போரிக் அமிலம், கேரம் போர்டில் தூவுகிற பவுடர் அதுதான். 10 லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம். இரண்டும் சேர்ந்தால்தான் தண்ணீரில் நன்றாகக் கரையும். கரைந்த பின் பலகையில் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், மரம் குடிப்பதை நிறுத்தும் வரை. ஓட்டைகளுக்குள் ஊசி போடும் குழாயால் விட்டோம். ஈரம் இருக்கும்போதே பாலித்தீனில் சுற்றி இரண்டு வாரம் நிழலில் வைத்தோம். அந்த நாட்களில் போரான் ஈரத்தோடு மெல்ல உள்ளே நகரும். பிறகு காய்ந்ததும், துளைகளை அடைத்து நல்ல வார்னிஷ் இரண்டு கை. நுண்துளை மூடியிருந்தால் வண்டு முட்டை இறக்க இடம் இல்லை.

இதில் சில எச்சரிக்கை உண்டு. கரைசலைப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. கையுறை போடுங்கள். மிச்சத்தைத் தென்னை மூட்டில் ஊற்றாதீர்கள். அளவு மிஞ்சிய போரான் பயிரைக் கருக்கும். தொட்டில், சப்பாத்திப் பலகை, நெல் கொட்டும் பத்தாயத்தின் உட்புறம் ஆகியவற்றில் இதைப் பூச வேண்டாம். மழை படும் வெளிக்கதவிலும் நிற்காது, கரைந்து போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினால் உளு சாகும் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதிலிருந்து வரும் வாயு மனிதரையும் கொல்லும். வீட்டுக்குள் அந்த மாத்திரையைப் பிரிக்கவே கூடாது.

பெரிய சாமானுக்கு இந்தப் பாடு. சின்னதாக, விலைமதிப்பற்றதாக ஒன்று இருந்தால், அதாவது பூஜையறைச் சிற்பம், பாட்டியின் ஆபரணப்பெட்டி மாதிரி என்றால், குளிரையும் பயன்படுத்தலாம். பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். நம் கடற்கரையில் மீன் உறைகிடங்குகளுக்குப் பஞ்சம் இல்லை. தெரிந்தவர் இருந்தால் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வேர்த்து மரம் வெடிக்கும்.

மறுநடவுக்காக ரப்பர் வெட்டப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் முடித்தால் என் பழைய கணக்கு தீராது. ரப்பர் மரம் மோசமான மரம் இல்லை. முறையாக மருந்தூட்டினால் நல்ல மேசை, நாற்காலி, கதவு எல்லாம் ஆகும். ஆனால் வெட்டிப் போட்டு வாரக்கணக்கில் விடக் கூடாது. அறுத்த ஒன்றிரண்டு நாளுக்குள் மருந்தில் இறங்க வேண்டும், இல்லையென்றால் நீலம் பாய்ந்துவிடும். பலகையில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் கொடுத்துப் போரான் கரைசலை நடுவரை ஏற்றும் உருளைத் தொட்டி உள்ள ஆலையில் கொடுங்கள். மருந்து நடுவரை போயிருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் நம் மஞ்சளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா? மஞ்சள் சாற்றை அமிலத்தோடு சேர்த்து வெட்டுவாயில் தடவினால், போரான் உள்ள இடம் சிவக்கும். அமிலம் சம்பந்தப்பட்டது, வீட்டில் செய்ய வேண்டாம். ஆலைக்காரரிடம் துண்டை வெட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வெட்டும் நாளைத் தேய்பிறை பார்த்து வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நான் வற்புறுத்துவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. மூங்கிலையும் மரத்தையும் மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டார்களே, அதில் காரணம் இருக்கிறது: தண்ணீரில் மாவுச்சத்து கரைந்தும் அழிந்தும் போகும். உளுவுக்குச் சோறு இல்லை.

அந்த அம்மாவின் கட்டில் சித்திரை முதல் வாரம் பூட்டி முடிந்தது. சம்பந்தி வீட்டுக்கு உடனே அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். கட்டிலுக்கு அடியில் கறுப்புத் துணி ஒன்றை இழுத்துக் கட்டி, வாரத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஒரு புழு உயிரோடு இருந்தாலும் வெள்ளை மாவு கறுப்பில் தெரிந்துவிடும். மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துணியைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்புகிறான். இதுவரை ஏழு படம் வந்திருக்கிறது. ஒன்றிலும் மாவு இல்லை. நாலாவது படத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. பதறிப்போய் போன் பண்ணினேன். "அது பாப்பா சிந்தின பால்பவுடராக்கும் சார்" என்றான். மகளும் குழந்தையும் ஊருக்கு வந்திருக்கிறார்களாம், அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார்களாம். வண்டுகள் வெளியே வரும் காலம் இன்னும் முழுதாகக் கழியவில்லை. ஓணம் வரைக்கும் படம் அனுப்பு மக்கா, பிறகு சொல்கிறேன் என்றேன்.